தனி வரும்போது போண்டா

தர்மபுரிக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் வாரம்
ரத்தப் பரிசோதனை அறைத் தவ்லத் கேட்டாள்:
"சனிக்கிழமை சாயந்தரம் என்ன பண்றே?"
துணி துவைப்பேன் என்றேன்.
"துவைச்சது போதும், வா."

நாலு ரோட்டுக்குப் பின்னால்
உரக்கடை மாடியில் ஒரு மண்டபம்.
நீல நாற்காலிகள், முதுகில் பந்தல்காரர் பெயர்.
மாதம் ஒரு கச்சேரி. டிக்கெட் இல்லை.
வாசலில் எவர்சில்வர் தூக்கு, போட்டால் போடலாம்.
தவ்லத், மருந்தகத்து மாதேஷ்,
சம்பளப் பிரிவு குணவதி, நான்.
மாதேஷ் மடியில் ஹெல்மெட்.
அதன் மேல்தான் தாளம் போடுவான்.

நான் பெரியதாழைக்காரி.
எனக்குத் தெரிந்த பாட்டு
கோயிலில் ஆர்மோனியத்தோடு எழுந்து நின்று
எல்லோருமாகத் தொடங்கி எல்லோருமாக முடிப்பது.
இங்கே எப்போது முடியும் என்று
யாருக்கும் கவலையில்லை.
முடிந்துவிட்டது என்று முதல் நாள் கைதட்டினேன்.
முடியவில்லை.
வயலின்காரர் வில்லை நிறுத்தாமல்
என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ராகத்துக்குப் பந்தயம் உண்டு.
"கல்யாணி" என்பான் மாதேஷ்.
"போடா, சங்கராபரணம்" என்பாள் குணவதி.
பாடுகிறவர் பெயர் சொல்லாமலே
அடுத்ததுக்குப் போய்விடுவார்.
போண்டாக் கடன் அப்படியே நிற்கும்.
நான் எனக்கென்று பெயர் வைத்துக்கொண்டேன்:
தொப்பூர் இறக்கத்தில் லாரி கியர் மாற்றுவது ஒன்று.
கரையேறிய பிறகும் கால் அலையில் ஆடுவது ஒன்று.
இன்னொன்று, பெயர் வைப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

தனி ஆவர்த்தனம் வந்தால் பாதி மண்டபம் எழும்.
கீழே போண்டா சூடாக இருப்பது அப்போதுதான்.
முதல் மாதம் வழக்கம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.
அடுத்த மாதம் தெரிந்தே.
அதில் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் பிடி கிடைத்தது.
மூச்சை இழுங்க, பிடிங்க, பிடிங்க,
விடுங்க.
எக்ஸ்ரே அறையில் நாளைக்கு எண்பது தடவை நான் சொல்வது.
மிருதங்கத்தில் அவரும் அதைத்தான் செய்தார்,
இனித் தாங்காது என்கிற இடம் வரை பிடித்து.

மார்ச்சில் ஒரு செவ்வாய். டோக்கன் நாற்பத்தொன்று.
வலது கை, சுண்டுவிரல் வீங்கியிருந்தது.
பாலக்கோடு ரோட்டில் தக்காளி வண்டி உரசி
மொபெட் சரிந்ததாம்.
முகத்தை அல்ல, விரல் நுனிகளின் காய்ப்பைத்தான்
முதலில் அடையாளம் கண்டேன்.
"அசையக் கூடாது."
"அசையல."
திரையில் எல்லா விரலும் தெளிவு,
சுட்டுவிரல் மட்டும் இரண்டாக.
"மறுபடி எடுக்கணும்."
"தட்டுச்சா? எனக்கே தெரியலியே."
உள்ளே என்ன ஓடியது என்று கேட்டிருக்கலாம்.
வெளியே இருபது பேர்.
இரண்டாம் தடவை அவர் மூச்சையும் பிடித்துக்கொண்டார்.
கைக்கு அது வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை.

சுண்டுவிரல் அடியில் முடி போல ஒரு கோடு.
அதைச் சொல்வது என் வேலை இல்லை.
"டாக்டர் சொல்வார்" என்றேன்.
ஆட்டம் விழுந்த படத்தை அழிக்க வேண்டும், விதி.
அழிக்கும் முன் பெரிதாக்கிப் பார்த்தேன்:
எலும்புக்குப் பக்கத்தில் அதே எலும்பு,
கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் முந்தி.
அழித்தேன்.

ஏப்ரலில் ஓசூர்ப் பையன் ஒருவன் வாசித்தான்.
தனி வந்தது. நாற்காலிகள் கரகரத்தன.
"இன்னிக்காவது வாயேன்,
கடனைத் தீர்த்துடறேன்" என்றாள் குணவதி.
போனேன்.

உரக்கடை ஷட்டர் முன்னால்
மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு வைத்து
இடது கையால் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.
"சார், மேல வரலியா?" மாதேஷ்.
"போண்டா சூடா இருக்கறது இப்பத்தானேப்பா."
எங்கள் நாலு பேரில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேலே உருண்டு உருண்டு வந்தது
ஒரு இடத்தில் விழுந்தது.
கைதட்டல்.
எனக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது.
அவர் மெல்வதை நிறுத்தி
மாடியைப் பார்த்தார்.
"அரை இடம் தள்ளிடுச்சு" என்றார்,
"சின்னப் பையன். பரவால்ல."
கடைக்காரரிடம் இன்னொன்று கேட்டார்.

எண்ணெய்க் கையோடு படியேறினோம்,
தவ்லத் முன்னால்.
கடன் இன்னும் தீரவில்லை.
காசு கொடுத்தது அவர்.